பர்லியாரில் ஒரு மரம்

மாட்டுத் தொடை, ஐந்து கிலோ.
ஹபீபுல்லா கடையில் முன்கூட்டியே சொல்லிவைத்து
நரம்பு நீக்கி, நூலால் இறுகக் கட்டி,
மிளகும் உப்பும் வினிகரும் தேய்த்து
இரவெல்லாம் ஊறவைத்தது.
வீட்டு அடுப்பு கொள்ளாது.
ஞாயிறு விடியலில், வர்க்கி எடுத்து முடித்த கையோடு
பேக்கரிக்காரர் தன் அடுப்பைக் கொடுத்தார்.
கறியில் சுட்ட மாவின் மணம் ஏறியிருந்தது.

அருவங்காடு கேன்டீனில் முப்பத்தொரு வருடம்
ஆயிரம் பேருக்கு ஆக்கிய கை
பதினான்கு தட்டு அடுக்கும்போது நடுங்கியது.

பன்னிரண்டரைக்குப் போன்.
பர்லியாரில் மரம் விழுந்துவிட்டதாம்,
பாதை அடைப்பாம்,
கார் கோயம்புத்தூருக்கே திரும்புகிறதாம்.
ஜன்னலுக்கு வெளியே தைலமரம்
ஓர் இலை அசையாமல் நின்றது.
நாலு மணி மேட்டுப்பாளையம் பஸ்
நாலு மணிக்கே வந்தது.

நாங்கள் மூவரும் சாப்பிட்டோம்.
வினோலியா பட்டுப்புடவையோடு உட்கார்ந்து
இரண்டாம் முறை கேட்டு வாங்கினாள்.

மிச்சத்தை அக்கம்பக்கம் கொடுக்க வழியில்லை.
கிண்ணம் போனால்
கேள்வியோடு திரும்பி வரும்.
ஃபிரிட்ஜ் முழுக்க அவர்களுக்கு வாங்கிய இனிப்பு.
பின்பக்க ஜன்னல் திட்டில் வைத்து மூடினேன்;
ஜனவரி உறைபனி கரண்ட் பில் அனுப்பாது.

திங்கள்.
ஒருமுறை வெந்ததை மறுபடி வேகவைக்காதே, மார்சலின்.
சூடு காட்டினால் போதும்,
வேகவைத்தால் நாராகிவிடும் என்றேன்.
நாருக்குக் குறுக்காக, தாள் போலச் சீவி,
வெங்காயம் சிவந்து, தட்டிய மிளகு விழுந்த பிறகு
கடைசி நிமிடத்தில் கறி.
அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.
வெங்காயம் நறுக்கியது நான்.

செவ்வாய், கட்லெட்.
கறியைக் கொத்தி, ஊட்டி உருளையோடு பிசைந்து,
நொறுங்கிப்போன வர்க்கித் தூளில் புரட்டி
மார்சலின் தட்டி வைத்தவற்றை எண்ணினாள்.
பதினான்கு.
இரண்டை எடுத்து ஒன்றாகப் பிசைந்தாள்.

புதன்கிழமை, உறைந்த கொழுப்பை வழித்து
பழைய சோற்றைப் பொரித்துக்கொண்டிருந்தபோதுதான்
நினைவு வந்தது.
போன வாரம் மாப்பிள்ளையின் அப்பா
என்ன சமையல் என்று போனில் கேட்டார்.
சொன்னேன். நல்லது என்றார்.
வீடு எந்தத் தெரு என்று கேட்டார்.
சொன்னேன். அதற்கும் நல்லது என்றார்.
இரண்டில் எது என்று
சட்டியைக் கிளறிக்கொண்டே இருந்தேன்.
சோறு அடிப்பிடித்தது.

வியாழன் சொல்லும்படி ஒன்றுமில்லை. குழம்பு.

வெள்ளிக்கிழமை கறி தின்னக்கூடாது.
கீரை கடைந்து, மூவரும்
ஜன்னல் பக்கம் பார்க்காமல் சாப்பிட்டோம்.

சனிக்கிழமை எங்களுக்கு முன்பே எழுந்து
வினோலியா கடைசித் துண்டை எடுத்துவிட்டாள்.
சீவுவதை நின்று பார்த்தேன், என்னைவிட மெல்லிசு.
கடுகு அரைத்துத் தடவி
எட்டு பன்னில் அடைத்து
குன்னூர் ஸ்டேஷனுக்கு,
டிக்கெட் கவுண்டர் வேலைக்குப் போனாள்.

சாயங்காலம் டப்பாவைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:
"என்ன விசேஷம்னு கேட்டாங்கப்பா."
"நீ என்ன சொன்னே?"
"என் நிச்சயதார்த்தச் சாப்பாடுன்னேன்.
மாப்பிள்ளை வீட்ல வரல, நீங்க சாப்பிடுங்கன்னேன்."

மார்சலின் ரேடியோவை அணைத்தாள்.
குழாயில் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"பாயிண்ட்ஸ்மேன் அண்ணன் ரெண்டு தின்னாரு.
அடுப்புல எவ்ளோ நேரம்னு
கேட்டுட்டு வரச் சொன்னாரு."

பேக்கரி ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்,
கேன்டீன் பதிவேட்டில் எழுதும் அதே கையெழுத்தில்.
ஐந்து கிலோ. மூன்று மணி நேரம்.
நூல் இறுக்கமாக இருக்கட்டும்.
ஆட்கள்: வருகிறவர்கள்.